தலைமைப் பொறுப்பும் ஆசிரியர் நலனும்: நாகர்கோவிலில் நடந்த இரண்டு நாள் பயிற்சி பற்றிய மதிப்புரை

நாகர்கோவிலில், வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே சென்றுவிடக்கூடிய தொலைவில் உள்ள ஓர் அரங்கில், பள்ளித் தலைமையாசிரியர்களையும் ஆசிரியர்களையும் ஒன்றாக அமர்த்தி நடத்திய இரண்டு நாள் பயிற்சியில், கடந்த கோடை விடுமுறையின் கடைசி வாரத்தில் கலந்துகொண்டேன். தலைமைப் பொறுப்பில் இருப்பவர் தம் அதிகாரத்தைப் பயன்படுத்தும் விதம், அவருக்குக் கீழே பணியாற்றும் ஆசிரியர்களின் மனநலத்தையும் உடல்நலத்தையும் எப்படிப் பாதிக்கிறது என்பதுதான் பயிற்சியின் பொருள். ஒருவருக்குக் கட்டணம் 1,800 ரூபாய். இரண்டு நாள் மதிய உணவும் தேநீரும் ஒரு கையேடும் அதில் அடங்கும். எங்கள் பள்ளியிலிருந்து தலைமையாசிரியையும் நானும் சென்றோம். கட்டணத்தை அவரவர் கையிலிருந்தே கட்டினோம். நடத்தியவர்களின் பெயரை நான் குறிப்பிடாமல் விடுகிறேன். வந்திருந்த 38 பேரில் பலர் தங்கள் பள்ளியில் நடந்தவற்றை மனம்விட்டுப் பேசினார்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் நிகழ்ச்சியின் பெயர் தெரிந்தால் வந்தவர்கள் யார் என்றும், வந்தவர்கள் தெரிந்தால் எந்தப் பள்ளி என்றும், பள்ளி தெரிந்தால் யார் யாரைச் சொன்னார் என்றும் இரண்டே நாளில் வெளிவந்துவிடும்.

பயிற்சி முடிந்த மறுநாளே எழுதியிருந்தால் பாராட்டு மட்டுமே எழுதியிருப்பேன். ஜூன் மாதம் பள்ளி திறந்து, காலாண்டுத் தேர்வும் முடிந்துவிட்ட இந்த நேரத்தில், அங்கே கற்றவற்றில் எது பள்ளிக்குள் வந்து நின்றது, எது அரங்கத்தோடு போயிற்று என்பது ஓரளவு தெரிகிறது.

நான் கல்குளம் வட்டத்தில் உள்ள அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணித ஆசிரியை. ஆறு ஆண்டுகளாக உதவித் தலைமையாசிரியைப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. காலையில் முதல் மணி அடித்ததும் வருகைப் பதிவேட்டைப் பார்த்து, அன்று வராத ஆசிரியர்களின் பாடவேளைகளுக்கு யார் யார் போக வேண்டும் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி அனுப்புவது என் வேலை. சப்ஸ்டிட்யூஷன் நோட் என்று நாங்கள் சொல்லும் அந்தக் குறிப்பேடு ஆசிரியர் அறைக்குள் வரும்போது அங்கே பேச்சு நின்றுபோவதைப் பல ஆண்டுகளாகப் பார்த்திருக்கிறேன். அதை எழுதியவள் நான்தான் என்பதையும், அன்றைய நாள் ஒருவருக்கு எப்படிப் போகும் என்பதை அந்த ஒரு வரியால் நான் தீர்மானிக்கிறேன் என்பதையும் இந்தப் பயிற்சிக்குப் போன பிறகே சரியாக எண்ணிப் பார்த்தேன். ஆகவே அதிகாரத்துக்கு உட்பட்டவளாகவும் அதிகாரத்தைக் கையாள்பவளாகவும், இரண்டு இடத்திலும் நின்று இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

முதல் நாள் முற்பகலில் அதிகாரத்தின் வகைகளைப் பற்றிய வகுப்பு நடந்தது. ஜான் பிரெஞ்ச், பெர்ட்ராம் ரேவன் என்ற இரண்டு உளவியல் அறிஞர்கள் 1959 இல் வகுத்த பாகுபாட்டை அதற்கு அடிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். நன்மை செய்ய முடியும் என்பதால் வரும் அதிகாரம், தண்டிக்க முடியும் என்பதால் வரும் அதிகாரம், பதவியால் வரும் அதிகாரம், துறையறிவால் வரும் அதிகாரம், பிறர் மனத்தில் உள்ள மதிப்பால் வரும் அதிகாரம் என அவர்கள் ஐந்து வகையாகப் பிரித்தார்கள். தகவலைக் கையில் வைத்திருப்பதால் வரும் அதிகாரத்தை 1965 இல் ரேவன் ஆறாவதாகச் சேர்த்தார். இதை விளக்கிய பயிற்சியாளர் ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியை. ஒவ்வொரு வகைக்கும் அவர் பள்ளிக்கூடத்திலிருந்தே எடுத்துக்காட்டுச் சொன்னதால், பாடம் காகிதத்திலேயே நின்றுவிடவில்லை. குறிப்பாக அந்த ஆறாவது வகை. மாவட்ட அலுவலகத்திலிருந்து காலை பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைத் தலைமையாசிரியர் இரண்டு பேருக்கு மட்டும் சொல்கிறார். மற்றவர்களுக்கு மாலை நான்கு மணிக்கு, பேருந்துக்குக் கிளம்பும் நேரத்தில், இன்றைக்குள் பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் இணையதளத்தில் இத்தனை விவரங்களை ஏற்றிவிட வேண்டும் என்று தெரிய வருகிறது. யாரும் யாரையும் திட்டவில்லை, எந்த விதியும் மீறப்படவில்லை. ஆனாலும் அந்த மாலையில் வீட்டுக்குப் போகும் ஆசிரியை தன்னை இந்தப் பள்ளிக்கு வேண்டாதவளாகவே நினைத்துக்கொண்டு போகிறாள். பேராசிரியை இதைச் சொன்னபோது எனக்குப் பின்வரிசையில் யாரோ நீண்ட மூச்சு விட்டது கேட்டது.

அடுத்து ஒரு பயிற்சி கொடுத்தார்கள். தலைமையாசிரியர்கள் ஒவ்வொருவரும், கடைசியாகப் பள்ளி நடந்த வாரத்தில் ஓர் ஆசிரியர் தம்முடைய ஒரு சொல்லுக்காகவோ ஒரு கையொப்பத்துக்காகவோ காத்திருந்த பத்துத் தருணங்களை எழுத வேண்டும். ஆசிரியர்கள், தாங்கள் அப்படிக் காத்திருந்த பத்துத் தருணங்களை எழுத வேண்டும். தலைமையாசிரியர்களின் தாள்களில் கட்டடம், ஆய்வு, தேர்வு மையம், பெற்றோர் புகார் ஆகியவையே பெரும்பாலும் இருந்தன. ஆசிரியர்களின் தாள்களில் இருந்தவை வேறு: அரை நாள் விடுப்பு, ஐந்து நிமிடத் தாமதத்துக்குப் பதிவேட்டில் சிவப்பு மை, கால அட்டவணையில் தொடர்ந்து வரும் நான்கு பாடவேளைகள், பாடக்குறிப்பேட்டில் கையொப்பமிடாமல் இரண்டு நாள் மேசையிலேயே வைத்திருப்பது, தேர்வுநிலை என்னும் ஊதிய உயர்வுக்கான கருத்துருவை மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பாமல் நிறுத்தி வைப்பது. இரண்டு பட்டியல்களையும் அருகருகே சுவரில் ஒட்டியபோது, தலைமையாசிரியர்கள் அதிகாரம் என்று கருதியது ஒன்றாகவும், ஆசிரியர்கள் நாள்தோறும் அனுபவிப்பது மற்றொன்றாகவும் இருந்தது கண்ணுக்குத் தெரிந்தது. இரண்டு நாள்களிலும் என் மனத்தில் அதிகம் பதிந்தது இந்த ஒரு மணி நேரந்தான்.

அந்தப் பட்டியலில் விடுப்பு பற்றிய வாதம் சூடு பிடித்தது. தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள். அதைக் கேட்டவுடன் கிடைக்கும் உரிமையாக விதி கருதவில்லை, அலுவலகத் தேவையை ஒட்டித் தரப்படும் சலுகையாகவே வைத்திருக்கிறது. முப்பது ஆண்டுப் பணி அனுபவம் உள்ள ஒரு தலைமையாசிரியர் எழுந்து இதைச் சொன்னார். ஒரே நாளில் ஆறு பேர் விடுப்பு எடுத்தால் பள்ளியை எப்படி நடத்துவது என்றும் கேட்டார். அவர் சொன்னதில் தவறு ஒன்றும் இல்லை. அதற்கு மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து வந்திருந்த இளம் ஆசிரியை ஒருவர் எழுந்து, "விடுப்பு தரமாட்டேன்னு சொன்னா அது எனக்குப் புரியும் சார். பிள்ளைக்கு சொகமில்லைன்னு சொன்ன பிறகும், என்ன சொகமில்லை, எந்த டாக்டர், வீட்ல மாமியார் இல்லையான்னு கிளார்க் முன்னாடி கேட்கிறதுதான் எனக்குப் புரியல" என்றார். அரங்கில் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. மூத்த தலைமையாசிரியர் மறுத்துப் பேசாமல் உட்கார்ந்தார்; தேநீர் இடைவேளையில் அவரே அந்த ஆசிரியையிடம் சென்று பேசிக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். மறுப்பதற்கு அதிகாரம் உண்டு, மறுப்பதற்கு முன் ஒருவரை நிற்க வைத்துத் துருவுவதற்கு எந்த விதியிலும் இடமில்லை என்று பயிற்சியாளர் இந்த இடத்தில் பிரித்துக் காட்டியது மிகவும் தேவையான விளக்கம்.

அந்த ஆசிரியையின் சொற்கள் என்னை இருபது ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் கொண்டு போயின. உதவிபெறும் பள்ளிக்கு வருவதற்கு முன், 1998 முதல் 2003 வரை நான் ஒரு தனியார் மெட்ரிக் பள்ளியில் வேலை செய்தேன். சேரும்போதே பட்டச் சான்றிதழ், பி.எட். சான்றிதழ் இரண்டின் அசலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமைதோறும் நடக்கும் கூட்டத்தில் முதல்வர், சென்ற வாரத் தேர்வில் எந்த ஆசிரியர் வகுப்பில் எத்தனை பேர் தோல்வி என்று பெயர் சொல்லி வாசிப்பார். எண்ணிக்கை கூடியவர்கள் எழுந்து நிற்க வேண்டும். நான் நின்றது மொத்தம் மூன்று முறைதான். இருந்தும் அந்த ஐந்து ஆண்டுகளும் ஞாயிற்றுக்கிழமை மாலையானால் எனக்கு வயிற்று வலி வரும். மருத்துவரிடம் போனேன், ஸ்கேன் எடுத்தேன், ஒன்றும் இல்லை என்றார்கள். அந்த வேலையை விட்ட மாதத்தில் வலியும் நின்றது. இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று: அப்போது நானும் என் வகுப்பில், மதிப்பெண் குறைந்த பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்தேன். மேலே இருந்து என்மேல் வந்ததைக் கீழே இறக்கி வைத்தேன் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

முதல் நாள் பிற்பகல் வகுப்பை மனநல ஆலோசகர் ஒருவர் எடுத்தார். பணிச்சோர்வை அவர் மூன்று கூறுகளாக விளக்கினார்: உடலும் மனமும் வற்றிப் போவது, மாணவர்கள் மீதும் பணி மீதும் ஈரம் காய்ந்து விலகிப் போவது, நான் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்று தோன்றுவது. கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற அமெரிக்க உளவியலாளரின் ஆய்வுவழி வந்த இந்தப் பகுப்பையே பெரிதும் ஒட்டி, உலக சுகாதார நிறுவனம் 2022 இல் நடைமுறைக்கு வந்த நோய் வகைப்பாட்டின் பதினோராம் திருத்தத்தில் பணிச்சோர்வை இடம்பெறச் செய்திருக்கிறது. அதை ஒரு நோயாகச் சொல்லாமல், பணியிடத்தில் தீராமல் நீடிக்கும் மன அழுத்தத்தால் விளையும் நிலை என்று அது வரையறுக்கிறது. ஆசிரியரிடம் 'நீங்கள் யோகா செய்யுங்கள், நேர்மறையாக எண்ணுங்கள்' என்று மட்டும் சொல்லி அனுப்புவது ஏன் போதாது என்பதற்கு இந்த வரையறையே காரணம் என்று ஆலோசகர் சொன்னது எனக்குச் சரியாகப் பட்டது. தொடர்ந்து, ராபர்ட் கராசெக் 1979 இல் முன்வைத்த கருத்தையும் விளக்கினார். வேலைப்பளு மிகுதியாக இருந்து, அந்த வேலையை எப்போது, எப்படிச் செய்வது என்று முடிவு செய்யும் உரிமை மிகக் குறைவாக இருக்கும்போதுதான் மனிதர்கள் அதிகம் நலிகிறார்கள் என்பது அதன் சாரம். நாங்கள் எல்லோரும் எங்கள் பள்ளியின் மார்ச் மாதத்தை நினைத்துக்கொண்டோம்.

இந்த வகுப்பின் நடுவே நடந்த ஒரு பிழையை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். ஆசிரியர்களின் பணிச்சோர்வை அளக்க ஒரு வினாத்தாள் கொடுத்தார்கள். அதன் தலைப்பில் பெயரும் பள்ளியின் பெயரும் எழுத இடம் விட்டிருந்தார்கள். தலைமையாசிரியர் அதே வரிசையில் மூன்றாவது நாற்காலியில் அமர்ந்திருக்க, 'உங்கள் மேலதிகாரி உங்களை மதிப்புடன் நடத்துகிறாரா' என்ற கேள்விக்கு எந்த ஆசிரியர் உண்மையை எழுதுவார்? எனக்கு இடப்பக்கம் இருந்தவர் எல்லாக் கேள்விகளுக்கும் 'எப்போதும்' என்ற கட்டத்தில் வரிசையாகக் குறியிட்டுக் கொடுத்துவிட்டார். அந்தத் தாள்களிலிருந்து எடுத்த சராசரியை மாலையில் திரையில் காட்டி, இந்த அரங்கில் நிலைமை நன்றாகவே இருக்கிறது என்று சொன்னபோது எனக்கு மனம் கசந்தது. அதிகாரத்துக்கு அஞ்சி ஆசிரியர்கள் மௌனமாவதைப் பற்றிய பயிற்சியிலேயே அந்த மௌனத்தை நல்ல மதிப்பெண்ணாகக் கூட்டிக் காட்டுவது பெரிய தவறு. இதை எழுத்து மூலமாகத் தெரிவித்தேன். அடுத்த முறை பெயரில்லாமல் வாங்குகிறோம் என்று ஒரு வரியில் பதில் அனுப்பினார்கள்.

கையேட்டைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நாற்பது பக்கம்; அச்சு தெளிவு. ஆனால் மொழி, வேறு எங்கோ எழுதியதைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதுபோல் இருக்கிறது. அரங்கில் அவ்வளவு தெளிவாகப் பேசியவர்கள் அதையே எழுதியிருந்தால் போதுமானதாக இருந்திருக்கும். உணவு நன்றாகவே இருந்தது. இரண்டாம் நாள் அவியலும் ஏத்தங்காய்த் துவரனும் புளிசேரியும் மட்டிப்பழமுமாக இலை போட்டே பரிமாறினார்கள். தலைமையாசிரியர்களும் ஆசிரியர்களும் கலந்து அமரும்படி இருக்கை எண்களைக் கொடுத்திருந்தது சிறிய ஏற்பாடுதான், அதனால் பலருக்கு நாக்குக் கட்டு அவிழ்ந்தது.

இரண்டாம் நாள் காலையில் தலைமையாசிரியர்களைத் தனி அறையிலும் ஆசிரியர்களைத் தனி அறையிலும் அமர்த்தினார்கள். உதவித் தலைமையாசிரியர் என்பதால் என்னைத் தலைமையாசிரியர்களின் அறைக்கு அனுப்பினார்கள், அது எனக்குப் பெரும் பேறாக அமைந்தது. அங்கே பேசிய எவரும் தம்மை அதிகாரம் மிக்கவராக நினைக்கவில்லை. உதவிபெறும் பள்ளிகளில் பெரும்பாலும் பணிமூப்பால் ஒருவர் இந்த நாற்காலிக்கு வருகிறார்; நேற்றுவரை வேதியியல் நடத்தியவர் இன்றைக்குச் சம்பளப் பட்டியலும் கழிப்பறைப் பராமரிப்பும் பெற்றோர் வழக்கும் பார்க்கிறார். 2011 கணக்கெடுப்பில் 91.75 விழுக்காடு எழுத்தறிவுடன் தமிழ்நாட்டில் முதலிடத்தில் இருந்த மாவட்டம் நம்முடையது என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அந்தப் பெருமையின் சுமை, பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளில் 98 விழுக்காடு வாங்கிய பள்ளியின் தலைமையாசிரியர் மீது, மீதி இரண்டு எங்கே போயிற்று என்ற கேள்வியாக இறங்குகிறது. ஒரு தலைமையாசிரியை, அந்தக் கேள்வியை முதன்மைக் கல்வி அலுவலர் கூட்டத்தில் வாங்கி, மறுநாள் பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பாளரான தாளாளரிடம் வாங்கி, மூன்றாம் நாள் அதையே அப்படியே கணித ஆசிரியரிடம் கொடுத்ததாகச் சொன்னார். அந்தக் கணித ஆசிரியர் இப்போது தம்மிடம் வேலை தவிர வேறொரு வார்த்தையும் பேசுவதில்லை என்றும், அது தமக்கு எவ்வளவு வலிக்கிறது என்றும் அவர் சொல்லி முடிக்கும்போது குரல் தழுதழுத்தது. தலைமையாசிரியர் சொல் ஆசிரியரை வாட்டுகிறது என்றால், அந்தச் சொல் எங்கே பிறந்தது என்பதையும் கேட்க வேண்டும் என்ற நியாயம் இந்த அறையில்தான் எனக்கு விளங்கியது.

அதே அறையில் ஆசிரியரைக் கண்டிக்கும் முறை பற்றிய நடிப்புப் பயிற்சியும் நடந்தது. ஒருவர் தலைமையாசிரியராகவும் ஒருவர் தாமதமாக வரும் ஆசிரியராகவும் நடிக்க வேண்டும். ஒரே சொற்களை முதலில் வராந்தாவில் மாணவர்கள் பார்க்கும்படி நின்று சொல்லவும், பிறகு அறைக்குள் எதிரெதிரே அமர்ந்து சொல்லவும் வைத்தார்கள். எங்கள் தலைமையாசிரியை ஆசிரியராக நடித்தார். சொல் ஒன்றுதான், சொன்னவர் ஒருவர்தான். இருந்தும் வராந்தாவில் நின்றபோது தம் கை நடுங்கியதாக அவர் திரும்பி வரும் வழியில் பேருந்தில் என்னிடம் சொன்னார். அடுத்த சில நாள்களில் எங்கள் பள்ளியில் நடந்த மாற்றத்துக்கு விதை அந்த நடுக்கந்தான் என்று நான் நினைக்கிறேன்.

சட்டம் பற்றிய பகுதிக்கு ஒதுக்கியது நாற்பது நிமிடம். ஓய்வுபெற்ற கல்வி அலுவலர் ஒருவர் அவசர அவசரமாகச் சொல்லிப் போனார். தமிழ்நாடு தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைக்கான 1973 ஆம் ஆண்டுச் சட்டம் ஆசிரியரைப் பணிநீக்கம் செய்யும் முன் உரிய அலுவலரின் முன்அனுமதி வேண்டும் என்று வைத்திருந்ததையும், அதற்குப் பதிலாக வந்த 2018 ஆம் ஆண்டுச் சட்டம் 2023 இல் நடைமுறைக்கு வந்ததையும் சொன்னார். குழந்தைகளுக்கான கட்டாய இலவசக் கல்விச் சட்டம் 2009 இன் அட்டவணை, ஆசிரியரின் வார வேலை நேரத்தை 45 மணி என்று சொல்லும்போது, பாடம் தயாரிக்கும் நேரத்தையும் அதற்குள் சேர்த்தே சொல்கிறது என்பது அங்கே இருந்த பலருக்குப் புதுச் செய்தி. பாடவேளை இல்லாத நேரத்தை 'சும்மா இருக்கும் நேரம்' என்று எண்ணி அதில் ஏதாவது வேலையைத் திணிப்பவர்கள் நாங்கள் எல்லோருமே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் துன்புறுத்தல் புகார்களுக்கான உள்ளகக் குழு இருந்தாக வேண்டும் என்ற 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி ஒரே ஒரு வரி சொன்னார். உங்கள் பள்ளியில் அந்தக் குழு இருக்கிறதா என்று கேட்டு இரண்டு நிமிடம் நிறுத்தியிருக்கலாம்.

இந்தப் பகுதியில் முற்றிலும் விடுபட்டுப் போனவர்கள் நிர்வாகத்தால் நியமிக்கப்பட்ட ஆசிரியர்கள். நம் மாவட்டத்து உதவிபெறும் பள்ளிகள் பலவற்றில், அரசு ஊதியம் பெறும் ஆசிரியருக்குப் பக்கத்து நாற்காலியிலேயே, ஆங்கில வழிப் பிரிவுக்கென நிர்வாகமே ஊதியம் தரும் ஓர் இளம் ஆசிரியை அமர்ந்திருப்பார். இருவரும் எடுப்பது ஒரே பாடம். ஊதியம் பல மடங்கு வேறுபடும். அடுத்த ஜூன் மாதம் வேலை இருக்குமா என்பது ஒருவருக்குக் கேள்வியே இல்லை, மற்றவருக்கு அதுவே ஆண்டு முழுவதும் கேள்வி. தலைமையாசிரியரின் ஒரு முகச்சுளிப்பு எனக்கு ஒரு நாள் வருத்தம், அவருக்கோ ஒரு மாதத் தூக்கமே போய்விடும். ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிகளுக்கும் மாணவர் சேர்க்கைக்காக வீடு வீடாகப் போகும் வேலைக்கும் இவர்களைத்தான் முதலில் அனுப்புகிறோம், மறுக்க மாட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். பங்கேற்பாளர்களில் இத்தகைய ஆசிரியர் இருவர் மட்டுமே இருந்தார்கள். 1,800 ரூபாய் அவர்களுடைய ஊதியத்தில் எத்தனை நாள் கூலி என்று கணக்கிட்டால் காரணம் விளங்கும். இவர்களுக்குக் கட்டணத்தைப் பாதியாக்கவாவது வேண்டும்.

இதைவிடப் பெரிய குறை, தாளாளர்கள் ஒருவர்கூட வரவில்லை என்பது. அழைப்பு அனுப்பியதாக நடத்தியவர்கள் சொன்னார்கள், நான் அதை நம்புகிறேன். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைவதற்கு முன்பே, திருவிதாங்கூர் காலத்திலேயே திருச்சபைகளும் சமூக அமைப்புகளும் ஊர்தோறும் பள்ளி தொடங்கிய நிலம் இது. ஒரே நிர்வாகத்தின் கீழ் பல பள்ளிகள் இருக்கும் நிலையில், குளச்சல் பக்கம் குடியிருக்கும் ஓர் ஆசிரியையை மலையடிவாரப் பள்ளி ஒன்றுக்கு மாற்றும் உத்தரவு தலைமையாசிரியரின் மேசையில் பிறப்பதில்லை. காலை ஆறரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பி மூன்று பேருந்து மாறும் அந்த வாழ்க்கையின் காரணம் அரங்கில் இல்லாதபோது, அரங்கில் இருந்த தலைமையாசிரியர்கள் தங்களால் மாற்ற முடியாதவற்றுக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டியதாயிற்று.

இனி, பள்ளிக்குள் என்ன நடந்தது என்பது. மே மாத இறுதியில் கால அட்டவணை போடும் நேரமாக இருந்ததால், எங்கள் தலைமையாசிரியை முதல் வரைவை ஆசிரியர் அறையில் மூன்று நாள் ஒட்டிவைத்து, மாற்றம் வேண்டுவோர் பென்சிலால் எழுதலாம் என்று அறிவித்தார். பதினேழு குறிப்புகள் வந்தன. பதினொன்றை ஏற்க முடிந்தது, ஏற்க முடியாத ஆறுக்குக் காரணத்தை அந்தந்த ஆசிரியரிடம் அழைத்துச் சொன்னார். விடுப்பு விண்ணப்பத்துக்கு ஆம் என்றோ இல்லை என்றோ அன்றைக்கே பதில் சொல்வதென்று முடிவாயிற்று. நான் சப்ஸ்டிட்யூஷன் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் இந்த மாதம் எத்தனை பாடவேளை கூடுதலாகக் கொடுத்தேன் என்ற கணக்கை எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வைக்கத் தொடங்கினேன். கணக்கு எழுதிப் பார்த்த முதல் மாதமே, நிர்வாக ஆசிரியைகள் மூவருக்கு மற்றவர்களைவிட இரண்டு மடங்கு கொடுத்திருந்தது தெரிந்தது. வேண்டுமென்று நான் அப்படிச் செய்யவில்லை. முணுமுணுக்காதவர்களின் பெயர் எழுதும்போது பேனா தயங்கவில்லை, அவ்வளவுதான். ஆகஸ்டில் அதைச் சமன் செய்தேன். குறிப்பேடு வரும்போது ஆசிரியர் அறையில் பேச்சு இன்னும் கொஞ்சம் குறையத்தான் செய்கிறது.

மாறாதவையும் உண்டு. தேர்ச்சி விழுக்காட்டைப் பெயர் சொல்லி வாசிக்கும் வழக்கம் எங்கள் கூட்டத்தில் இப்போதும் இருக்கிறது. காலாண்டுத் தேர்வு முடிவு வந்ததும் மறுபடி அது நடந்தது. மாலை நேரத்தில் வாட்ஸ்அப்பில் வரும் அவசர வேலைகள் குறையவில்லை, ஏனென்றால் அவை எங்கள் பள்ளியில் தொடங்குவதில்லை. பயிற்சி நடத்தியவர்கள் ஒரு மாதம் கழித்து அழைத்துப் பேசுவதாகச் சொன்னார்கள். அழைப்பு வந்தது மூன்றாம் மாதத்தில். அதுவும் எட்டு நிமிடம். இந்தச் சேவைக்குப் பணம் வாங்குகிறவர்கள், தொடர் உரையாடலைக் கட்டணத்தின் ஒரு பகுதியாகவே கருதி நடத்த வேண்டும். அதைவிட அவசரமான ஒன்றுக்கு அவர்கள் ஏற்பாடு செய்திருந்ததையும் சொல்ல வேண்டும்: மனம் மிகவும் தளர்ந்துபோன ஆசிரியர்களுக்கென, அரசின் டெலி மானஸ் இலவசத் தொலைபேசிச் சேவையின் 14416 என்ற எண்ணை அட்டையில் அச்சிட்டு ஒவ்வொருவருக்கும் கொடுத்தார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் கண்ணாடிக்குப் பக்கத்தில் அது ஒட்டியிருக்கிறது.

தலைமைப் பொறுப்புக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், இரண்டு மூன்று ஆண்டுகளில் வரப்போகிறவர்களுக்கும் இந்தப் பயிற்சியை மனமாரப் பரிந்துரைக்கிறேன். 1,800 ரூபாய் அவர்களுக்கு வீண் போகாது. ஆசிரியர்கள் தனியாகப் போவதைவிடத் தங்கள் தலைமையாசிரியரோடு சேர்ந்து போவதே பயன் தரும், அப்போதுதான் சுவரில் ஒட்டிய இரண்டு பட்டியல்களையும் ஒரே நேரத்தில் இருவரும் பார்ப்பார்கள். உறவு ஏற்கெனவே முறிந்துபோன பள்ளியிலிருந்து இருவரும் சேர்ந்து வருவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முதல் நாள் ஒரே அரங்கில் அமரும் ஏற்பாடு அவர்களுக்கு மேலும் காயம் தரலாம், இரண்டாம் நாள் மட்டும் கலந்துகொள்ள வழி இருந்தால் நல்லது. போகிறவர்கள் தங்கள் பள்ளியின் கால அட்டவணையையும் சென்ற மூன்று மாத விடுப்புப் பதிவின் நகலையும் கொண்டு போக வேண்டும். கொண்டு வராத நான்கு தலைமையாசிரியர்கள் இரண்டாம் நாள் பிற்பகல் முழுவதும் கற்பனைப் பள்ளி ஒன்றின் அட்டவணையைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த பயிற்சி அரையாண்டுத் தேர்வு விடுமுறையில் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் தலைமையாசிரியை சென்ற வாரம் தாளாளர் ஃபாதரைச் சந்தித்து, இரண்டாம் நாள் காலையிலாவது அந்த அறையில் வந்து அமருங்கள் என்று கேட்டார். கிறிஸ்துமஸ் வேலைகள் இருக்கும், இருந்தாலும் வருகிறேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். அவருக்கும், நிர்வாக ஆசிரியைகளில் ஒருவருக்கும் சேர்த்து இரண்டு இடத்துக்குப் பணம் கட்டிவிட்டோம்.